ஏரி நிரம்பும் வேகம், நாம் இறைக்கும் வேகம்

2019-ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு சரக்கு ரயில் வந்து சேர்ந்தது. ஐம்பது டேங்கர் பெட்டிகள். பெட்டிக்கு 50,000 லிட்டர். மொத்தம் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்ட ரயில் அது. அந்தக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு கிடந்தன. சில உணவகங்கள் நேரத்தைக் குறைத்துக்கொண்டன. மென்பொருள் நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. இதே நகரம்தான் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிப் படகுகளில் மக்களை மீட்டது. இரண்டுக்கும் இடையே நான்கு ஆண்டுகள்கூட முழுதாக ஓடவில்லை.

சென்னை மழையில்லாத ஊர் அல்ல. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெறுகிற நகரம். இந்தியாவின் சராசரியைவிட இது அதிகம். 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உண்மைதான். ஆனாலும் ஒரு பருவம் பொய்த்தவுடன் ரயிலேற்றித் தண்ணீர் கொண்டுவரும் நிலைக்கு ஒரு மாநகரம் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், நீடித்த வாழ்க்கைமுறை என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது பெருமளவு விளங்கிவிடும். மூங்கில் பல்துலக்கியிலிருந்தும் எஃகு உறிஞ்சுகுழலிலிருந்தும் தொடங்குகிற கட்டுரைகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைப் படித்தவர்களுக்கு இது ஏதோ புதுவகைக் கடைச்சரக்கு என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது.

கருத்து எளியதுதான். இயற்கை ஒரு பொருளை எந்த வேகத்தில் திரும்பத் தருகிறதோ அந்த வேகத்துக்கு உட்பட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் கழித்துப் போடுவதை மண்ணும் நீரும் காற்றும் எந்த வேகத்தில் செரிக்கின்றனவோ அந்த வேகத்துக்கு உட்பட்டுக் கழிக்க வேண்டும். மீறினால் உடனே எதுவும் நின்றுவிடாது. விதைநெல்லை எடுத்துக் குத்திச் சமைக்கிற வீட்டிலும் அன்றைக்குச் சோறு இருக்கத்தான் செய்யும். விதைப்புக் காலம் வரும்போதுதான் கணக்கு தெரியும்.

இதை முதன்முதலில் ஏட்டில் எழுதியவர்களுள் ஒருவர் சுரங்க அதிகாரி என்றால் வியப்பாக இருக்கும். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் மரத்தை வெட்டி வெட்டிக் காடு தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே சுரங்க நிர்வாகத்தில் இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713-இல் காடு வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவே வெட்டு, வெட்டியதற்கு ஈடாக நடு என்பதுதான் அதன் சாரம். அவருக்கு இருந்தது உலை அணைந்துவிடுமே என்ற கவலை. காட்டின் அழகைப் பற்றியது அல்ல. நீடித்த வாழ்க்கைமுறையைத் தியாகம், துறவு என்று நினைப்பவர்கள் இந்தப் பிறப்பிடத்தை மறந்துவிடக் கூடாது.

இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு, 1987-இல், நார்வேயின் பிரதமராக இருந்த குரோ ஹார்லெம் புருன்ட்லண்ட் தலைமையிலான ஐக்கிய நாடுகள் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. வருங்காலத் தலைமுறையினர் தங்கள் தேவைகளை நிறைவுசெய்துகொள்ளும் திறனைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவுசெய்வதே நீடித்த வளர்ச்சி என்று அது வரையறுத்தது. எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிற வரையறை. நல்லதுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. அதைவிடக் கைக்கு அடக்கமானது, உலக வங்கியில் பணியாற்றிய அமெரிக்கப் பொருளியலாளர் ஹெர்மன் டேலி 1990-இல் தந்த மூன்று விதிகள். புதுப்பித்துக்கொள்ளும் வளங்களை அவை புதுப்பிக்கும் வேகத்தைத் தாண்டி எடுக்காதே. நிலக்கரி, எண்ணெய் போன்ற தீர்ந்துபோகும் வளங்களை, அவற்றுக்கு மாற்று உருவாகும் வேகத்தைத் தாண்டிச் செலவிடாதே. கழிவை, சூழல் அதைச் செரிக்கும் வேகத்தைத் தாண்டி வெளியேற்றாதே. மூன்றிலும் வேகம்தான் அளவுகோல். ஒரு பொருள் "இயற்கையானதா", "பசுமையானதா" என்ற கேள்வியே இதில் எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மொட்டை மாடியில் ஒரு கணக்கு

முதல் விதியை வீட்டளவில் போட்டுப் பார்க்கலாம். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதன்மேல் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,30,000 லிட்டர். ஆவியாவது, சிதறுவது, முதல் மழையில் தூசியோடு கழித்துவிட வேண்டியது எல்லாம் போக ஒரு லட்சம் லிட்டர் தேறும். நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுத் திட்டங்களில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நாளுக்கு 540 லிட்டர், ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர்.

ஆக, தனி வீட்டில் வாழும் குடும்பத்தின் தேவையில் பாதி அவர்கள் தலைக்கு மேலேயே விழுகிறது. அதே மாடிக்குக் கீழே நான்கு தளங்களில் நான்கு குடும்பங்கள் இருந்தால் பாதி என்பது எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடும். அதையும் சொல்லத்தான் வேண்டும். மழைநீர் சேகரிப்பு ஒன்றே போதும் என்பவர்கள் இந்த வகுத்தலைச் செய்வதில்லை. மீதித் தண்ணீர் எங்கிருந்தோ வர வேண்டும்: ஏரியிலிருந்து, ஆற்றிலிருந்து, நிலத்தடியிலிருந்து.

நிலத்தடி நீர்தான் இதில் ஏமாற்றுகிற இடம். கண்ணுக்குத் தெரியாததால் எவ்வளவு மிச்சம் என்பது யாருக்கும் தெரிவதில்லை. நூறு அடியில் வறண்டால் இருநூறு, இருநூறில் வறண்டால் முந்நூறு என்று ஆழ்துளைக் கிணற்றை இறக்கிக்கொண்டே போகலாம். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் காலத்திலிருந்தே, நிலம் யாருடையதோ அவரே அதன் கீழ் உள்ள நீரையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் நடைமுறை. மனைக்குச் சுற்றுச்சுவர் உண்டு. அதன் கீழே ஓடும் நீருக்கு இல்லை. பக்கத்து மனையில் சக்திமிகுந்த மோட்டார் ஓடினால் நம் கிணறும் சேர்ந்து இறங்கும். எனவே ஒரு குடும்பம் மட்டும் சிக்கனமாக இருந்து நிலத்தடி நீரைக் காப்பாற்றிவிட முடியாது.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நிலத்தடியில் நன்னீர் நிறைந்திருக்கும்வரை அது கடல்நீரை வெளியே தள்ளி நிறுத்தும். நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் அந்த இடத்துக்கு உப்புநீர் நகர்ந்து வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் பாசனத்துக்கும் நகரின் தேவைக்கும் பல்லாண்டு காலம் இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஊடுருவிவிட்டது. ஒருமுறை உப்பேறிய நிலத்தடி நீரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். அந்த மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில்தான் 2010-இல், கடல்நீரிலிருந்து நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை திறக்கப்பட்டது. நிலத்தடியில் உப்பை வரவழைத்துவிட்டு, மேலே உப்பை நீக்க ஆலை கட்டியிருக்கிறோம். கடல்நீரிலிருந்து 1,000 லிட்டர் குடிநீர் பெற ஏறத்தாழ மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். நான்கு பேர் குடும்பத்தின் 540 லிட்டருக்கு நாளுக்கு இரண்டு யூனிட். கிணற்றிலிருந்து அதே தண்ணீரை மாடிக்கு ஏற்ற ஆகும் மின்சாரம் இதில் சிறு பங்கே. ஒரு வளத்தின் எல்லையை மீறும்போது அதற்கான விலை வேறொரு வளத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. இங்கே நீரின் கடன் நிலக்கரியின் கணக்குக்குப் போயிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஏரிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்ததற்கு, அது நிரம்பினால் அதற்கு அடுத்ததற்கு என்று சங்கிலியாக அமைந்தவை பல. மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிற மழையைப் பன்னிரண்டு மாதங்களுக்கு நிறுத்திவைக்கிற ஏற்பாடு இது. கோடையில் ஏரியின் வண்டலை அள்ளி வயலில் இட்டார்கள். ஏரிக்கு ஆழமும் வயலுக்கு உரமும் கிடைத்தன. உத்திரமேரூரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், அதாவது பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, ஏரி வாரியம் என்ற குழுவுக்குக் குடவோலை வழியே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. குடவோலை என்றதும் நம் மேடைகளில் மக்களாட்சிப் பெருமை பேசத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஏரியைப் பராமரிப்பதற்கென்றே ஒரு குழு, ஆண்டுதோறும், பெயர் சொல்லி இருந்தது என்பது. அந்த வாய்ப்பு எல்லாச் சாதியினருக்கும் பெண்களுக்கும் இருக்கவில்லை என்பதும் அதே கல்வெட்டுகளின் தகுதி விதிகளிலிருந்து தெரிகிறது.

சென்னையைச் சுற்றி இந்த ஏரிகளில் பல இன்று பேருந்து நிறுத்தங்களின் பெயர்களாக மட்டும் இருக்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இன்னும் கண்கூடான சான்று. தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கித் தேக்கி மெல்லக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்த இடம், குப்பைக் கிடங்கும் சாலைகளும் அலுவலக வளாகங்களும் குடியிருப்புகளும் சேர்ந்து அழுத்தியதில் பழைய பரப்பில் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. 2022-இல் அதற்கு, முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சர் தளம் என்ற பன்னாட்டு அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. 2015-இன் வெள்ளத்தையும் 2019-இன் வறட்சியையும் இரு வேறு விபத்துகளாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான். நீர் நிற்க வேண்டிய இடத்தை மூடினால், மழை பெய்யும்போது அது வீட்டுக்குள் வரும்; பெய்யாதபோது எங்கும் இருக்காது.

தமிழ்நாடு ஒரு நல்ல காரியமும் செய்தது. 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் மற்ற மாநிலங்கள் பின்னர் எடுத்துக்காட்டாகக் கொண்ட நடவடிக்கை அது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. 2005-இன் பெருமழையும் அதற்கு உதவியது. ஆனால் கட்டியதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொண்டோம். மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய வடிகட்டித் தொட்டியில் ஆண்டுதோறும் சேறு படியும்; அள்ளாவிட்டால் அதன்மேல் நீர் தேங்கி, தெருவுக்குத்தான் வழியும். கட்டட அனுமதிக்காகக் கட்டி, குழாய்கூட இணைக்காமல் விட்ட குழிகளும் உண்டு.

மின்சாரமும் குப்பையும்

இரண்டாவது விதிக்குச் சுருக்கமாக வருவோம். இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. நிலக்கரி உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் இங்கே புதுப்பிக்கும் வேகம் என்ற பேச்சே இல்லை. மாற்று எவ்வளவு வேகமாக வருகிறது என்பதே கேள்வி. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலின் காற்றாலைகள் அந்த மாற்றின் ஒரு பகுதி. காற்று மே முதல் செப்டம்பர் வரை வீசும், சூரியன் பகலில் மட்டும் இருக்கும் என்ற குறைகள் உண்மையானவை. சேமிப்பு வசதி பெருகும்வரை நிலக்கரி உடனே போய்விடாது. அந்த இடைக்காலத்தில் வீட்டில் செய்யக்கூடியவற்றுள் பெரியது ஏசியைப் பற்றியது. ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் அதன் மின்செலவு ஏறத்தாழ 6 சதவீதம் குறையும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம். 18-இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொண்டு உறங்குவதும் 24-இல் வைத்து மின்விசிறியைச் சேர்த்துப் போட்டுக்கொள்வதும் உறக்கத்துக்கு ஒன்றுதான், மின்கட்டணத்துக்கு ஒன்றல்ல.

நிலக்கரியின் மிச்சம் மூன்றாவது விதிக்குள் வருகிறது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து, மீனவர்களின் தொழிலைக் கெடுத்திருக்கிறது. விளக்கு எரிவது ஓரிடத்தில், சாம்பல் விழுவது வேறோர் இடத்தில்.

வீட்டுக் குப்பையும் அப்படித்தான். சென்னையில் நாளொன்றுக்குச் சேரும் 5,000 டன்னுக்கும் மேற்பட்ட குப்பையில் பெரும்பகுதி கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போய்க்கொண்டிருந்தது. அவ்விடங்களில் இப்போது பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கிறார்கள். நம் ஊர்க் குப்பையில் பாதியை ஒட்டிச் சமையலறைக் கழிவு. காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் மண்ணில் காற்றோட்டத்தோடு கிடந்தால் சில வாரங்களில் எருவாகிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு, குப்பைமலையின் அடியில் காற்றின்றி அழுகினால் மீத்தேன் வெளியாகும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. இரண்டும் ஒரே தோல்தான். அடுக்களையில் இரண்டு வாளி வைத்து மக்குவதையும் மக்காததையும் பிரித்துப் போடுவது இந்த முழு விஷயத்திலும் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் பழக்கம் என்பது என் கருத்து. தூய்மைப் பணியாளர் வெறும் கையால் பிரிக்க வேண்டியிருக்கிற அவலமும் அதனால் குறையும்.

உணவை வீணாக்காமல் இருப்பது அதற்கும் முந்தைய படி. 2022-இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. அதில் பத்தில் ஆறு பங்கு வீடுகளிலிருந்து வந்தது. உணவகங்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் வந்தது மீதிதான்.

வாங்குவதால் தீருமா?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கமும் தொடங்கியது. அதன்பின் துணிப்பை நல்லது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் பருத்தி விளைய நீரும் உரமும், நூற்கவும் நெய்யவும் மின்சாரமும் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருமுறை பயன்படுத்தி எறிகிற சாதாரண பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் குறைந்த பங்கு வகிக்க வேண்டுமானால் பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் பை கால்வாயை அடைப்பது, மாட்டின் வயிற்றில் சேர்வது முதலியவை இந்தக் கணக்கில் வரவில்லை. எனவே தடை சரியானதுதான். ஆனால் திருமணத்துக்குத் திருமணம் தாம்பூலத்தோடு வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் துணிப்பைகள் யாருக்கும் நன்மை செய்யவில்லை. சந்தைக்கு வாரம் ஒருமுறை போகிற ஒரே ஒரு பை, இரண்டரை ஆண்டுகளில் தன் கடனைத் தீர்த்துவிடும்.

எந்தப் பொருளுக்கும் இந்த ஒரு கணக்கு பொருந்தும். இருக்கிற பொருளை மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்துவது, பெரும்பாலும், "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று முத்திரை குத்திய புதுப்பொருளை வாங்குவதைவிட மேலானது. பழுது பார்ப்பவரிடம் மிக்ஸியைக் கொண்டுபோவது, கிழிந்த பையின் வாரைத் தைத்துக்கொள்வது போன்றவற்றுக்கு விளம்பரம் கிடையாது. விற்க எதுவும் இல்லாததுதான் காரணம். பெரும் மின்சாரம் தின்னும் பழைய ஏசி, குளிர்பதனப் பெட்டி மட்டும் விதிவிலக்கு. அவற்றைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட நட்சத்திரக் குறியீடு கூடிய புதியதற்கு மாறுவது நல்லது.

இதைப் பேசும்போதெல்லாம் பாட்டி காலத்து வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒருவர் சொல்வார். விறகுப் புகையில் கண்ணெரிய ஊதியதும் குடத்தைச் சுமந்து நடந்ததும் பாட்டிகள்தான், தாத்தாக்கள் அல்லர். ஏழை வீட்டுக்கு எரிவாயு உருளை வந்ததை எந்தச் சூழல் கணக்கை வைத்தும் நான் குறை சொல்ல மாட்டேன். இந்தியர் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 2 டன். அமெரிக்கர் ஒருவருடையது ஏறத்தாழ 14 டன். இந்தியாவுக்குள்ளேயும் குடிசையில் ஒரு மின்விசிறியோடு வாழும் குடும்பத்துக்கும் அறைக்கொரு ஏசியும் ஆளுக்கொரு காரும் உள்ள குடும்பத்துக்கும் இடையே இதே அளவு பள்ளம் இருக்கிறது. முன்னவர் நீடித்த வாழ்க்கையை ஏற்கெனவே, விரும்பாமலேயே, வாழ்ந்துகொண்டிருக்கிறார். குறைக்க வேண்டியது பின்னவர். இதைப் படிக்கிற பலரும் எழுதுகிற நானும் அவர் பக்கத்தில்தான் இருக்கிறோம்.

தனிமனிதப் பொறுப்பு என்பதிலும் ஒரு சூது உண்டு. ஒருவரின் வாழ்க்கைமுறையால் காற்றில் சேரும் கார்பனின் அளவைக் குறிக்கும் "கார்பன் தடம்" என்ற சொல்லை 2000-களின் நடுவில் விளம்பரங்கள் வழியே உலகெங்கும் பரப்பியது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். உங்கள் தடம் எவ்வளவு என்று வாடிக்கையாளரைக் கேட்டால், எண்ணெய் எடுப்பவரின் தடத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? நல்ல பஸ் வசதி இல்லாத ஊரில் இருசக்கர வண்டியைக் குறைத்துக்கொள் என்று உபதேசிப்பதில் பொருளில்லை. ஏரியை யார் மனைப்பிரிவாக்கினார்கள், அதற்கு யார் கையெழுத்திட்டார்கள் என்பவை அடுக்களையில் தீராத கேள்விகள். அவற்றை உள்ளாட்சியிலும் வாக்குச்சாவடியிலும் தேவையானால் நீதிமன்றத்திலும்தான் கேட்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில், மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள். சாக்கடையில் என்றால் அதைத் திருப்பிவிடும் செலவைப் பத்துக் குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்வது எளிது. தொட்டியில் என்றால் கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்று கேளுங்கள். மணற்பாங்கான இடத்தில் வடிகட்டிய நீரைத் திறந்த கிணற்றிலோ உறைகிணற்றிலோ விட்டாலே இறங்கிவிடும். களிமண் பகுதியில் அந்த அடுக்கைத் தாண்டிக் கீழே இறங்கும் துளை ஒன்று வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். செப்டம்பருக்குள் ஆளைப் பிடித்து மேல்மணலை மாற்றி, மொட்டை மாடியைப் பெருக்கி வைத்துவிடலாம்.